தலைக்குள் ஒரு நெட்வொர்க்: கடம்பா முதல் பூனைக்காலி வரை

கம்ப்யூட்டர் வாங்கிய முதல் நாளே, அதை மாட்டிக் கொடுக்க வருபவர் கேபினட்டைத் தட்டி, "இதுதான் சார் மூளை" என்று சொல்லிவிட்டுப் போவார். சி.பி.யூ.வை மூளை என்று அழைப்பது நமக்குப் பழகிவிட்டது. மூளையைக் கம்ப்யூட்டர் என்று அழைப்பதும் அப்படியே. இரண்டிலும் கொஞ்சம் உண்மை இருக்கிறது. நிறைய ஓட்டையும் இருக்கிறது. நாம் சாப்பிடும் பல மாத்திரைகள் வேலை செய்வது அந்த ஓட்டைகளில்தான். எனவே இந்த மாதம் வழக்கமான டிப்ஸ்களைக் குறைத்துக்கொண்டு அதைப் பார்க்கலாம். பயப்பட வேண்டாம், கம்ப்யூட்டரை விட்டு அதிக தூரம் போகப் போவதில்லை.

இதற்குக் காரணமாக இருந்தவர் பட்டினப்பாக்கத்தில் எங்கள் தெருவில் குடியிருக்கும் ஒரு பெரியவர். எழுபது வயதைத் தாண்டியவர். மயிலாப்பூரில் முப்பது ஆண்டுகள் டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட் நடத்தியவர். தமிழ், ஆங்கிலம் இரண்டிலும் ஹையர் பாஸ். மகன் வாங்கிக் கொடுத்த புதிய கம்ப்யூட்டரை செட்டப் செய்து தரப் போயிருந்தேன். கீ போர்டைக் கண்டதும் விரல்கள் பழைய பழக்கத்தில் தத்தம் இடத்தில் போய் உட்கார்ந்தன. ஆனால் அழுத்திய விரல் உடனே எழ மறுத்தது. "வணக்கம்" என்று அடித்தால் "வவவவணக்ககககம்" என்று வந்தது. மவுஸைப் பிடித்தால் கர்சர் ஒரு இடத்தில் நிற்கவில்லை. பார்க்கின்சன் நோய்; நான்கு ஆண்டுகளாக மாத்திரை. "கோளாறு கீ போர்டுலயா தம்பி, என்கிட்டயா?" என்று சிரித்துக்கொண்டே கேட்டார்.

கீ போர்டின் பக்கம் உள்ளதைச் சரி செய்வது எளிது. உங்கள் வீட்டிலும் இப்படி ஒருவர் இருக்கலாம் என்பதால் அதை முதலில் சொல்லி விடுகிறேன். விண்டோஸ் 11-ல் செட்டிங்ஸ் திறந்து, ஆக்சஸிபிலிட்டி பிரிவில் கீ போர்ட் என்பதைக் கிளிக் செய்யவும். அங்கே "பில்டர் கீஸ்" என்று ஒன்று இருக்கும். அதை ஆன் செய்தால், தவறிப் பட்ட தட்டல்களையும், விரல் எழத் தாமதிப்பதால் மீண்டும் மீண்டும் விழும் எழுத்துகளையும் விண்டோஸ் கண்டுகொள்ளாது. எவ்வளவு நேரம் பொறுக்க வேண்டும் என்பதையும் அங்கேயே அமைக்கலாம். மவுஸுக்கு, கண்ட்ரோல் பேனலில் மவுஸ் என்பதைத் திறந்து டபுள் கிளிக் வேகத்தைக் குறைத்துவிடுங்கள். அதே விண்டோவில் உள்ள "கிளிக் லாக்" என்பதை டிக் செய்தால், பட்டனை அழுத்திப் பிடித்துக் கொண்டே இழுக்க வேண்டிய தொல்லை இல்லை.

இதெல்லாம் அரை மணி நேர வேலை. ஆனால் அடுத்த வாரம் அவர் கேட்ட கேள்விகளுக்கு செட்டிங்ஸில் விடை இல்லை. காலை மாத்திரை போட்டால் பத்து மணிக்கு நன்றாக அடிக்க முடிகிறது. மதியம் அதே மாத்திரையைப் போட்டும் இரண்டு, மூன்று மணிக்கு விரல் கட்டை மாதிரி ஆகிவிடுகிறது. ஏன்? அடுத்தது, உறவினர் ஒருவர் பூனைக்காலி விதைப் பொடி டப்பா ஒன்றைக் கொண்டு வந்து கொடுத்திருந்தார். "நம்ம ஊர் மருந்து, பக்க விளைவே கிடையாது. மாத்திரையை நிறுத்திட்டு இதைச் சாப்பிடுங்க" என்று சொல்லியிருந்தார். செய்யலாமா?

வயரும் சிக்னலும்

நம் மூளையில் ஏறக்குறைய 8,600 கோடி நரம்பு செல்கள் உள்ளன. நியூரான் என்று அழைக்கப்படும் இந்த செல் ஒவ்வொன்றிலும் செய்தியை வாங்கும் கிளைகள் ஒரு பக்கம். செய்தியை அனுப்பும் நீண்ட வால் மறுபக்கம். இந்த வாலுக்கு ஆக்ஸான் என்று பெயர். பார்த்தால் நெட்வொர்க் கேபிள் போலத்தான் தெரியும். ஆனால் உள்ளே தாமிரக் கம்பி கிடையாது, உப்புத் தண்ணீர்தான்.

செல்லுக்கு வெளியே சோடியம் அதிகம், உள்ளே பொட்டாசியம் அதிகம். இந்த ஏற்றத்தாழ்வால் சும்மா இருக்கும்போதே செல்லின் உள்புறம் வெளிப்புறத்தை விட சுமார் 70 மில்லிவோல்ட் குறைவாக இருக்கும். டிவி ரிமோட்டில் போடும் பென்சில் செல் 1,500 மில்லிவோல்ட் என்பதை நினைத்துக் கொண்டால் இது எவ்வளவு சிறியது என்று புரியும். செல்லின் சுவரில் சின்னச் சின்ன கதவுகள் உள்ளன. தூண்டுதல் வந்ததும் ஓர் இடத்தில் சோடியம் கதவுகள் திறக்கும். சோடியம் உள்ளே பாயும். அந்த இடத்து வோல்டேஜ் சட்டென்று மேலே ஏறும். அதைக் கண்டு பக்கத்துக் கதவு திறக்கும், அதைக் கண்டு அதற்கு அடுத்தது. கட்டட வேலையில் வரிசையாக நின்று கலவைச் சட்டியைக் கை மாற்றுவார்களே, அதுபோல. ஆட்கள் நகர்வதில்லை, சட்டி மட்டும் போய்ச் சேர்ந்துவிடும். ஓரிடத்தில் இந்தக் கூத்து முடிய ஆயிரத்தில் ஒரு பங்கு விநாடிதான் ஆகும்.

நெட்வொர்க் கேபிளில் சிக்னல் விநாடிக்கு 20 கோடி மீட்டர் அளவில் ஓடுகிறது. நம் உடம்பின் மிக வேகமான நரம்பிலேயே விநாடிக்கு நூறு மீட்டரைச் சற்றுத் தாண்டும், அவ்வளவுதான். மந்தமான வலி நரம்புகளில் ஒரு மீட்டர். கட்டில் காலில் விரலை இடித்துக் கொண்டால் இடித்தது முதலில் தெரிந்து, "அம்மா" என்று அலறும் வலி கொஞ்சம் பொறுத்து வருவது இதனால்தான்.

கம்ப்யூட்டரோடு ஒத்துப்போகும் இடம் ஒன்று உண்டு. இந்த சிக்னலில் பாதி, முக்கால் என்று கிடையாது. வந்தால் முழுதாக வரும், இல்லையேல் வராது. நம் 0, 1 போல. லேசாகத் தொட்டதற்கும் அழுத்திக் கிள்ளியதற்கும் வித்தியாசம், ஒரு விநாடியில் எத்தனை சிக்னல் வந்தது என்ற எண்ணிக்கையில் இருக்கிறது.

கடம்பாவுக்கு ஒரு நோபல் பரிசு

இதையெல்லாம் கண்டுபிடிக்க உதவியது நம் ஊர் மீன்கடையில் கிடைக்கும் சரக்குதான் என்றால் நம்புவீர்களா? பட்டினப்பாக்கம் லூப் சாலைப் பக்கம் காலையில் மீன் வாங்கப் போனால் கூடையில் வெள்ளையாக வழவழவென்று கடம்பா கிடக்கும். மற்ற ஊர்களில் கணவாய் என்பார்கள். ஆபத்து என்றால் தண்ணீரைப் பீய்ச்சிக்கொண்டு பின்னோக்கிப் பாயும் பிராணி இது. அந்தப் பாய்ச்சலுக்காக இந்தக் குடும்பத்தின் உடம்பில் ராட்சச ஆக்ஸான் ஒன்று ஓடுகிறது. சில வகைகளில் ஒரு மில்லிமீட்டர் தடிமன் வரை இருக்கும். பெரும்பாலான மனித ஆக்ஸான்கள் இதில் நூறில் ஒரு பங்குகூட வராது. வெறும் கண்ணுக்கே தெரியும் இந்த நரம்புக்குள் மின்கம்பியைச் செருகி அளக்க முடியும்.

இங்கிலாந்தில் ஆலன் ஹாட்ஜ்கின், ஆண்ட்ரூ ஹக்ஸ்லி இருவரும் அதைத்தான் செய்தார்கள். சோடியம், பொட்டாசியம் கதவுகள் எப்படித் திறந்து மூடுகின்றன என்பதை அளந்து, கணித சமன்பாடுகளாக எழுதி 1952-ல் வெளியிட்டனர். 1963-ல் நோபல் பரிசும் வந்தது.

நம் பத்திரிகை வாசகர்கள் அறிய வேண்டிய பகுதி இனிமேல்தான். அந்தச் சமன்பாடுகளைத் தீர்க்க கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தின் கம்ப்யூட்டரைப் பயன்படுத்தலாம் என்று எண்ணியிருந்தார்கள். பார்த்தால், மாற்றி அமைக்கும் வேலைக்காக அதை ஆறு மாதம் நிறுத்தி வைத்துவிட்டார்கள். (சர்வர் டவுன் என்ற வார்த்தை அப்போது இல்லை, விஷயம் இருந்திருக்கிறது!) ஹக்ஸ்லி சலித்துக் கொள்ளவில்லை. பிரன்ஸ்விகா என்ற, கையால் சுற்றும் கால்குலேட்டரை எடுத்துக் கொண்டு உட்கார்ந்தார். ஆக்ஸானில் ஓடும் ஒரே ஒரு சிக்னலைக் கணக்கிட்டு முடிக்க ஏறத்தாழ மூன்று வாரம் ஆயிற்று. உங்கள் வீட்டு கம்ப்யூட்டர் அதைக் கண் இமைக்கும் நேரத்தில் முடித்துவிடும்.

வயர் முடிந்துபோகும் இடம்

ஒரு நியூரானின் வால் அடுத்த நியூரானைத் தொடுவதில்லை. நடுவில் இடைவெளி. ஒரு மில்லிமீட்டரை ஐம்பதாயிரம் பங்காக வெட்டினால் அதில் ஒரு பங்கு. நரம்பு அமைப்பில் பெரும்பாலான இணைப்புகளில் மின்சாரத்தின் பயணம் இங்கே முடிந்துவிடுகிறது. சிக்னல் வாலின் நுனிக்கு வந்ததும் கால்சியம் கதவுகள் திறக்கும். நுனியில் சின்னப் பைகளில் அடைத்து வைத்திருக்கும் ரசாயனம் இடைவெளியில் கொட்டும். அது மிதந்து போய் எதிர்க்கரையில் தனக்கென்று உள்ள வாங்கியில் பொருந்தினால், அந்தப் பக்கத்து செல் செய்தியைப் பெறும். பிறகு கொட்டிய சரக்கைப் பழைய பைகளுக்கே திரும்ப உறிஞ்சிக்கொள்ளும், அல்லது உடைத்துப் போட்டுவிடும். சுத்தம் செய்தால்தான் அடுத்த செய்திக்கு இடம்.

1921-ல் ஆட்டோ லோவி என்ற விஞ்ஞானி, ஒரு தவளையின் இதயத்தை நரம்பைத் தூண்டி மெதுவாகத் துடிக்க வைத்தார். அது ஊறிய திரவத்தை இன்னொரு தவளையின் இதயத்துக்கு ஊற்றினார். எந்த நரம்பும் தொடாமலே இரண்டாவது இதயமும் மெதுவாயிற்று. நரம்பு ரசாயனத்தால் பேசுகிறது என்பதற்கு இதைவிட எளிய நிரூபணம் எனக்குத் தெரிந்து இல்லை.

நாம் பயன்படுத்தும் நெட்வொர்க்கில் எந்தக் கேபிளிலும் ஒரே வகை மின்துடிப்புதான். தலைக்குள் இருக்கும் நெட்வொர்க்கிலோ டோபமைன், செரோடோனின், காபா, குளூட்டமேட் என்று பல சரக்குகள். ஒன்று அடுத்த செல்லை உசுப்பும், இன்னொன்று அமுக்கும். ஒவ்வொன்றுக்கும் தனித்தனி சாக்கெட். மருந்துகளுக்கு வழி கிடைப்பது இங்கேதான். சில மருந்துகள் அசலைப் போலவே சாக்கெட்டில் பொருந்தி வேலையும் செய்யும். சில பொருந்தி உட்கார்ந்துகொண்டு அசலை உள்ளே விடாது. நாம் காலையில் குடிக்கும் பில்டர் காபி இந்த இரண்டாவது வகை. "களைப்பாயிருக்கிறது, தூங்கு" என்று சொல்லும் அடினோசின் உட்கார வேண்டிய நாற்காலியில் காபின் துண்டு போட்டு வைத்துவிடுகிறது. களைப்பு தீரவில்லை, அந்தச் செய்தி வரவில்லை, அவ்வளவுதான். மனச்சோர்வுக்குத் தரும் மாத்திரைகளில் பல, கொட்டிய செரோடோனினைத் திரும்ப உறிஞ்சுவதைத் தடுப்பவை.

இன்னொரு வகை, சரக்குக் கிடங்கிலேயே கை வைப்பவை. பெரியவரின் கேள்விக்கு விடை அதில் இருக்கிறது.

சேப்பாக்கம், 1937

சர்ப்பகந்தா என்ற மூலிகையின் வேர் நம் நாட்டில் நீண்ட காலமாகப் புழக்கத்தில் உள்ளது. ரத்த அழுத்தத்துக்கும் மனநோய்க்கும் அது பயன்படுவதைக் கல்கத்தாவில் சென், போஸ் என்ற இரு மருத்துவர்கள் 1931-ல் எழுதினர். பம்பாய் மருத்துவர் ருஸ்தம் ஜால் வக்கீல் 1949-ல் பிரிட்டிஷ் இதழ் ஒன்றில் எழுதியதும் உலகம் திரும்பிப் பார்த்தது. 1952-ல் சுவிட்சர்லாந்தில் அதிலிருந்து ரெசர்பின் என்ற பொருளைப் பிரித்தெடுத்தார்கள். சாப்பிட்டவர்களுக்கு ரத்த அழுத்தம் குறைந்தது. சிலருக்கு உடம்பு விறைத்து, அசைவு குறைந்து, பார்க்கின்சன் வந்தவர் போல ஆனார்கள். காரணம் பின்னால் தெரிந்தது. டோபமைன் போன்ற சரக்குகளைப் பைகளில் ஏற்றும் பம்பையே ரெசர்பின் அடைத்துவிடுகிறது. கிடங்கு காலி.

1957-ல் சுவீடனில் ஆர்விட் கார்ல்சன், ரெசர்பின் கொடுத்து அசைவற்றுக் கிடந்த முயல்களுக்கு எல்-டோபா என்ற பொருளை ஊசியில் ஏற்றினார். சற்று நேரத்தில் அவை எழுந்து நடமாடின. மூளைக்குள் போனதும் எல்-டோபா டோபமைனாக மாறிவிடும். டோபமைனையே நேரடியாகக் கொடுத்தால் என்ன என்று கேட்பீர்கள். ரத்தத்துக்கும் மூளைக்கும் நடுவே உள்ள தடுப்பு, பயர்வால் மாதிரி, அதை உள்ளே விடாது; எல்-டோபாவை விடும். பார்க்கின்சன் நோயில் மூளையில் டோபமைன் குறைந்து போகிறது என்பது வியன்னாவில் நடந்த ஆய்வுகளில் தெளிவாகி, 1961-ல் நோயாளிகளுக்கே எல்-டோபா கொடுத்துப் பார்த்தார்கள். இன்றும் அந்த நோய்க்கு முதன்மையான மருந்து அதுதான். கார்ல்சனுக்கு 2000-ல் நோபல் பரிசு கிடைத்தது.

இப்போது பட்டினப்பாக்கத்திலிருந்து கடற்கரைச் சாலையில் நேராக வடக்கே வாருங்கள். சேப்பாக்கம். அங்கே சென்னைப் பல்கலைக்கழக உயிர்வேதியியல் ஆய்வுக்கூடத்தில் எம். தாமோதரன், ஆர். ராமசாமி என்ற இருவர் ஒரு விதையை ஆராய்ந்து அதிலிருந்து எல்-டோபாவைப் பிரித்தெடுத்து 1937-ல் ஆய்வுக் கட்டுரை வெளியிட்டனர். முயல்கள் எழுந்து நடப்பதற்கு இருபது ஆண்டுகளுக்கு முன்பு! அந்த விதை, தொட்டால் அரிப்பெடுக்கும் காய்க்குள் இருக்கும் பூனைக்காலி. இது ஏன் நம் பாடப்புத்தகங்களில் இல்லை என்று எனக்கு ஆதங்கம்தான்.

ஆக, உறவினர் சொன்னதில் உண்மை இருக்கிறது. பூனைக்காலியில் இருப்பது நிஜமான மருந்து. 2004-ல் லண்டனில் எட்டு நோயாளிகளிடம் மட்டும் நடந்த சிறிய ஆய்வில், வழக்கமான மாத்திரையை விட அந்தப் பொடி சீக்கிரமாகவே வேலையைத் தொடங்கியது. சிக்கலே அது நிஜ மருந்து என்பதில்தான். விதைக்கு விதை எல்-டோபாவின் அளவு மாறும். டப்பாவில் எவ்வளவு என்று யாருக்குத் தெரியும்? மாத்திரையோடு சேர்த்துச் சாப்பிட்டால் அளவு கூடி, உடம்பு தன்னிச்சையாக நெளியும், வாந்தி வரும், தலை சுற்றும். மாத்திரையைத் திடீரென்று நிறுத்தினாலோ அதைவிட மோசம். கடும் காய்ச்சலும் விறைப்பும் வந்து உயிருக்கே ஆபத்தாகலாம். டாக்டரிடம் டப்பாவைக் காட்டாமல் தொடாதீர்கள் என்று பெரியவரிடம் சொன்னேன். "நம்ம விதைதானே தம்பி?" என்றார். "மாத்திரைல இருக்கிறதும் அதேதான் சார், அதனாலதான் சொல்றேன்" என்றேன். டப்பாவை எடுத்து பீரோவில் வைத்துப் பூட்டினார் அவர் மனைவி.

மதியப் பிரச்னைக்கு எக்ஸெல் உதவியது. ஒரு ஒர்க் ஷீட்டில் தேதி, மாத்திரை போட்ட நேரம், சாப்பிட்ட நேரம், என்ன சாப்பாடு, விரல் நிலை என்று ஐந்து காலம் போட்டுக் கொடுத்தேன். விரல் நிலைக்கு 0 முதல் 3 வரை மதிப்பெண். நேரத்தை டைப் செய்ய வேண்டியதில்லை. கண்ட்ரோல் கீயுடன் செமிகோலன் கீயை அழுத்தினால் இன்றைய தேதி விழும். கண்ட்ரோல், ஷிப்ட் இரண்டையும் பிடித்துக் கொண்டு அதே கீயை அழுத்தினால் அந்த நொடியின் நேரம் விழும். டைப்ரைட்டிங் மாஸ்டர் அல்லவா, ஒரு நாள் விடாமல் மூன்று வாரம் பதிந்தார். பிரின்ட் எடுத்துப் பார்த்ததும் பளிச்சென்று தெரிந்தது. மீனோ, பருப்போ, தயிரோ நிறைய இருந்த மதியச் சாப்பாட்டை முடித்த கையோடு மாத்திரை போட்ட நாள்களில்தான் விரல் கட்டையாகியிருந்தது.

புரதம் செரித்தால் அமினோ அமிலங்களாகும். எல்-டோபாவும் ஓர் அமினோ அமிலம். குடலிலும் மூளையின் தடுப்பிலும் இரண்டுக்கும் ஒரே வாசல். கூட்டத்தில் மருந்து வெளியே நின்றுவிடுகிறது. ஒரே பேண்ட்வித்தில் பத்து டவுன்லோட் ஓடினால் நமக்கு வேண்டிய பைல் நகராது இருக்குமே, அது மாதிரி. அந்த ஒரு பக்கத் தாளைப் பார்த்த நரம்பியல் மருத்துவர், மதிய மாத்திரையைச் சாப்பாட்டுக்கு ஒரு மணி நேரம் முன்னால் மாற்றினார். மருந்து அதே, அளவு அதே. அடுத்த வாரத்துத் தாளில் மூன்று மணிக் கட்டத்தில் 1-ம் 0-மாக விழத் தொடங்கின. எல்லா நாளும் அல்ல, பெரும்பாலான நாள்களில். உங்கள் வீட்டில் செய்வதானால் தாளை மட்டும் தயாரியுங்கள். நேரத்தை மாற்றுவதை மருத்துவருக்கு விட்டுவிடுங்கள்.

வேறு சில சரக்குகள்

தூக்க மாத்திரைகளில் பெரும்பாலானவையும் மதுவும் அமுக்கும் சரக்கான காபாவின் கையைத்தான் பலப்படுத்துகின்றன. இரண்டும் ஒன்றாகச் சேர்ந்தால் மூச்சு விடச் சொல்லும் நரம்புகளே அமுங்கிவிடலாம். நெடுநாள் குடித்த மூளையோ, அந்த அமுக்கத்தை ஈடுகட்டத் தன்னை எப்போதும் முடுக்கியே வைத்திருக்கும். குடியைத் திடீரென்று நிறுத்தினால் முடுக்கம் மட்டும் மிஞ்சி வலிப்பு வரலாம். இதனால்தான் நிறுத்துவதையும் மருத்துவர் துணையோடு செய்யச் சொல்கிறார்கள். அடையாறு இந்திரா நகரில் உள்ள டி.டி.கே. மருத்துவமனை இந்த வேலைக்கென்றே 1980-ல் தொடங்கப்பட்டது. கணவரைக் குடிக்குப் பறிகொடுத்த சாந்தி ரங்கநாதன் தொடங்கியது அது.

பல் பிடுங்கும்போது போடும் மரத்துப்போகும் ஊசி இடைவெளிப் பக்கமே போவதில்லை. வயரிலேயே சோடியம் கதவுகளைச் சற்று நேரம் அடைத்துவிடுகிறது. வலையில் வந்தால் மீனவர்கள் தூக்கி எறியும் பேத்தை மீனின் நஞ்சும் அதே கதவுகளைத்தான் அடைக்கிறது, ஆனால் பிடிவாதமாக. அதற்கு மாற்று மருந்து கிடையாது.

இதை ஆபத்தில்லாமல் பார்க்க ஒரு வழி உண்டு. "நியூரான்" என்ற பெயரிலேயே ஒரு சாப்ட்வேர் இருக்கிறது. யேல் பல்கலைக்கழகத்தில் வளர்த்தெடுக்கப்பட்டது, இலவசம், விண்டோஸிலும் இயங்கும். டவுன்லோட் செய்து நிறுவியபின் பில்ட் மெனுவில் சிங்கிள் கம்பார்ட்மென்ட் என்பதைத் தேர்ந்தெடுத்து, எச்.எச். என்ற கட்டத்தை டிக் செய்யுங்கள். அந்த இரண்டு எழுத்தும் ஹாட்ஜ்கின், ஹக்ஸ்லிதான். கிராப் ஒன்றைத் திறந்து, செல்லுக்குச் சிறிது மின்னோட்டம் கொடுத்து ஓட்டினால், மூன்று வாரக் கணக்கு உங்கள் கண்முன் ஒரு கூர்முனையாக எழும்பி இறங்கும். இனி, சோடியம் கதவுகளின் அளவைக் குறிக்கும் ஜி.என்.ஏ.பார் என்ற இடத்தில் 0.12 என்று இருப்பதைப் பாதியாக்கிப் பாருங்கள். பிறகு 0 கொடுத்து மீண்டும் ஓட்டுங்கள். கூர்முனை காணாமல் போய், மின்னோட்டம் கொடுத்த நேரத்தில் மட்டும் லேசாகப் புடைத்து அடங்கும் ஒரு கோடு கிடைக்கும். பேத்தை மீன் செய்வது அதைத்தான்.